சரித்து வைத்த கேத்தில் மூடி

நாகபூசணி பொய் சொல்லிப் பழகாதவள். தேர்ந்த புளுகன் சொன்னதை மறுநாளே மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவான். பழகாதவர்கள் பாடுதான் பெரும்பாடு. கனடாவுக்குத் தொலைபேசியில் அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன நாள் முதல் அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

இத்தனைக்கும் அவள் சொன்னது அரைப் பொய்தான். "நான் ஒரு கொம்மெர்ச்சாலிஸ்தாவின்ரை ஒஃபீசிலை வேலை, அக்கா" என்றாள். ஊராரின் கணக்கு வழக்கையும் வரியையும் பார்த்துக் கொடுக்கிறவருக்கு இத்தாலியில் அதுதான் பெயர். அந்த அலுவலகத்துக்கு அவள் தினமும் காலையில் போவது சத்தியமான உண்மை. வாளியும் தும்புத்தடியுமாகப் போகிறாள் என்பதைத்தான் சொல்லாமல் விட்டாள். பின்னேரங்களில் பலேர்மோ ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் இருக்கும் லாம் என்ற சீனச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்ட கோப்பைகள் கழுவுகிறாள் என்பதையும் விட்டுவிட்டாள்.

அவளைச் சொல்ல விட்டால்தானே. தொலைபேசியை எடுத்ததும் எடுக்காததுமாக வதனி இப்படித்தான் தொடங்கினாள்: "இத்தாலியிலை எங்கடை சனம் முழுக்கக் கோப்பைதானே கழுவுதுகள். பிள்ளை வடிவாத்தான் இருக்கிறா, படிச்சும் இருக்கிறா. ஆனா நாங்கள் பிஸ்னஸ் செய்த குடும்பம் தங்கச்சி. நாலு பேருக்குச் சொல்லக்கூடிய இடமா இருக்கோணும், பாருங்கோ."

வதனி, பிரதீஸின் தாய். பிரதீஸும் நாகபூசணியின் மகள் துசானியும் சுவிஸில் நடந்த ஒரு கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்டவர்கள். அதன்பிறகு துசானி போனும் கையுமாகத்தான் இருந்தாள். வன்னிச் சண்டையில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை சிரிப்பதையே மறந்து வளர்ந்தது. இப்போது சமையலறையில் தனியாக நின்று சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு தன்னுடைய தும்புத்தடியால் கெட்டுவிடக் கூடாது என்று நாகபூசணி நினைத்தாள். வேறொரு குற்றமும் அவள் செய்யவில்லை.

"ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?" என்று துசானி கேட்டாள்.

"அரைவாசி உண்மைதானே."

"மற்ற அரைவாசி?"

"அது கல்யாணம் முடிஞ்ச பிறகு. நீ அந்தப் பெடியனுக்கும் வாய் திறக்கக் கூடாது, என்னிலை ஆணை" என்றாள் நாகபூசணி. துசானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவள் கெட்டிக்காரியும் இல்லை. மாதம் ஒன்று போவதற்குள் வதனி மறுபடி எடுத்தாள். குடும்பமாகக் கப்பல் பயணம் வருகிறார்களாம். கப்பல் ஒரு பகல் முழுக்கப் பலேர்மோத் துறைமுகத்தில் நிற்குமாம். பெண்ணையும் தாயையும் நேரில் பார்த்து, சரியென்றால் அன்றைக்கே சொல்லிவிட்டுப் போவார்களாம்.

"வீட்டை வாங்கோ அக்கா. கணவாய்க் கறி வைச்சு, புட்டவிச்சு..."

"வேண்டாம் தங்கச்சி. இவர் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கன்ரனீஸ் சாப்பாட்டுக் கடையைத்தான் தேடிப் பிடிப்பார். பாரிசுக்குப் போனாலும் அதுதான், சிங்கப்பூருக்குப் போனாலும் அதுதான். ஈஃபில் கோபுரத்தைக்கூட வடிவாப் பாக்கேல்லை, ஒரு சந்துக்குள்ளை கூட்டிக்கொண்டு போய் வாத்து இறைச்சி தீத்தினவர். அப்பிடி ஒரு பைத்தியம்."

"ஸ்ஃபெர்ராகவால்லோவிலை நல்ல மீன் சாப்பாடு இருக்கு. கடற்கரையோடை, வடிவான இடம்..."

"அவர் போனிலை பாத்து வைச்சிட்டார். ஸ்ரேசனுக்குப் பின்னாலையாம், லாமோ என்னவோ. நேரை அங்கை வந்திடுறம்."

நாகபூசணி அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். அந்த நகரத்தில் சீனக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவள் அறிந்தவரை கன்ரன் பக்கத்துக் கைமணத்தோடு சமைக்கிறது லாம் கடை மட்டும்தான். கப்பலில் வருகிற ஹொங்கொங் பயணிகளும் துறைமுகத்து மாலுமிகளும் வழி கேட்டுக் கேட்டு வந்து சேருகிற இடம் அது. அந்த மனிதரும் வழி கேட்டு அங்கேதான் வரப்போகிறார்.

அவளுக்கு இருந்த ஒரே வழி சிஞோரா லாமிடம் போய் நிற்பதுதான். சிஞோரா லாம் கடையின் முதலாளியம்மா. கணவர் அடுப்படியில் நிற்க, நோகிற முழங்காலை இழுத்து இழுத்து மேசைகளைப் பார்க்கிறவர். நாகபூசணி வேலை செய்துவந்த வீட்டுக் கிழவி செத்துப்போய், வேலை ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி பறிபோகவிருந்த நாளில், முன்பின் தெரியாத இவளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த மனுசி. அந்த அனுமதியைக் கொடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவுக்கு வெளியே கொட்டுகிற மழையில் ஒரே குடைக்குள் இவளோடு நின்றவர். இரண்டு பேரும் உடைந்த இத்தாலியனில்தான் பேசிக்கொள்வார்கள்.

கப்பல் வருவதற்கு முதல்நாள் நாகபூசணி விசயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு நீ வாடிக்கையாளர். நான் உன்னைத் தெரியாதவள். சரிதானே?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன் செருப்பை எடுத்து ஒளித்து வை" என்றார். அடுப்படிக் கதவோரம் கிடந்த ரப்பர் செருப்பை நாகபூசணி அன்று வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் மத்தியானம் கடை நிரம்பி வழிந்தது. அதே கப்பலில் வந்த சீனப் பயணிகள் பெரிய வட்ட மேசைகளைப் பிடித்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, மேசைக்குப் பரிமாறுகிற பெண் காய்ச்சலென்று வரவில்லை. சிஞோரா லாம் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். சுவரோரம் ஒரு மேசையில் நாகபூசணி நீலச் சேலை கட்டி, துசானி பக்கத்தில் இருக்க, விருந்தாளியாக அமர்ந்திருந்தாள். இத்தனை வருடத்தில் அந்தக் கடையின் கதிரையில் அவள் இருந்தது அன்றைக்குத்தான். கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. வெடித்துப்போன விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

வதனி வந்தபோது வாசனைத் திரவியம் அவளுக்கு முன்னால் வந்தது. பின்னால் பிரதீஸ், நல்ல உயரம், துசானியைக் கண்டதும் காது சிவந்தது. கடைசியாக வந்தவர்தான் தகப்பன் அம்பலவாணர். குட்டையான, அமைதியான மனிதர். கதவடியில் நின்று மூக்கை உயர்த்தி அடுப்படி வாசத்தை ஒருமுறை இழுத்தார். கோயிலுக்குள் கால் வைக்கிறவர் முகத்தில் வருகிற ஒன்று அவர் முகத்தில் வந்து போனது.

"இருங்கோ அண்ணை, இருங்கோ அக்கா" என்று நாகபூசணி எழுந்து நின்றாள்.

சிஞோரா லாம் தேநீர்க் கேத்திலைக் கொண்டுவந்து வைத்தார். நாகபூசணியின் முகத்தைப் பார்க்காமல், வேற்றாளுக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டினார். அம்பலவாணர் அவரிடம் கன்ரனீஸில் ஏதோ கேட்டார். சிஞோரா லாம் வாயைப் பிளந்தார். பிறகு இரண்டு பேரும் மளமளவென்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த மனிதருக்குப் பாஷை தெரியும் என்று யாரும் நாகபூசணிக்குச் சொல்லவில்லையே.

"அண்ணை நல்லாக் கதைக்கிறார்" என்றாள், குரலைச் சமப்படுத்திக்கொண்டு.

"பிஸ்னஸிலை பழகினது" என்று வதனி முந்திக்கொண்டாள். "சீனாக்காரரோடை கனகாலம் பிஸ்னஸ்."

"என்ன பிஸ்னஸ், அக்கா?"

"சாப்பாட்டுச் சாமான் மாதிரி. அதை விடுங்கோ. உங்கடை ஒஃபீசிலை எத்தினை பேர் வேலை?"

நாகபூசணி காலையில் எத்தனை குப்பைக் கூடை கொட்டுகிறோம் என்று மனதுக்குள் பார்த்துவிட்டு, "ஒரு ஆறேழு பேர் வரும்" என்றாள். துசானி மேசைத் துணியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்பலவாணர் கதையில் கலந்துகொள்ளவில்லை. முதல் ஊற்றுத் தேநீரைக் கிண்ணங்களில் விட்டு, சுற்றி அலசி, குச்சிகளையும் நனைத்துத் துடைத்து, எல்லார் முன்னும் வைத்தார். கன்ரன் பக்கத்து ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ஒரு சொட்டும் சிந்தாமல் இவ்வளவு கெதியாகச் செய்கிற வாடிக்கையாளரை நாகபூசணி கண்டதில்லை. பிரதீஸ் அவருக்குத் தேநீர் ஊற்றியபோது இரண்டு விரலை மடித்து மேசையில் மெல்லத் தட்டினார். நன்றி சொல்கிற வழக்கம் அது.

சாப்பாடு வந்தது. முள்ளங்கிப் பலகாரம், இறால் கொழுக்கட்டை, வாத்து, கடைசியாக இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி அவித்த முழுக் கொடுவா மீன். மேல் பக்கம் தீர்ந்ததும் பிரதீஸ் மீனைத் திருப்பிப் போடக் குச்சியை நீட்டினான்.

"மீனைத் திருப்பாதை தம்பி" என்றார் அம்பலவாணர்.

அவர் சொல்வதற்குள் நாகபூசணியின் கை போய்விட்டது. மீனைத் திருப்பினால் கடலில் தோணி கவிழும் என்று அந்த ஆட்கள் அஞ்சுவார்கள். நடுமுள்ளைத் தூக்கிவிட்டுத்தான் கீழ்ப்பக்கத்தை எடுப்பார்கள். அவள் குச்சியால் வாலடியில் நெம்பி, முள்ளை முழுதாகத் தூக்கி ஓரத்தில் வைத்தும் விட்டாள். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

"அட, தங்கச்சிக்கு நல்ல பழக்கம் போல" என்றாள் வதனி.

"அம்மா... யூடியூபிலை உதெல்லாம் பாக்கிறவ" என்றாள் துசானி. பிள்ளையையும் பொய் சொல்ல வைத்தாயிற்று.

அம்பலவாணர் அவள் வைத்த முள்ளையும் மற்றவர்கள் கோப்பையில் கிடந்த எலும்புகளையும் எடுத்து ஒரே கோப்பையில் சேர்த்தார். துப்புரவான மனிதர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த வினை வந்தது. அடுப்படியின் ஆடும் கதவைத் தள்ளிக்கொண்டு கிழவர் லாம் தலையை நீட்டினார். காது மந்தமான மனிதர். மனைவி நேற்றுச் சொன்னது காதில் விழவில்லையோ, விழுந்தும் மறந்தாரோ. நாகபூசணியைக் கண்டதும் முகம் மலர்ந்து, கடை முழுக்கக் கேட்கக் கன்ரனீஸில் கத்தினார். அடுப்படியில் காலம் தள்ளியவளுக்கு அந்த வேலைப் பேச்சு மட்டும் நன்றாகவே விளங்கியது. "வந்துவிட்டாயா? நல்லது. தொட்டி நிரம்பிக் கிடக்கிறது. சாப்பிட்டுவிட்டு ஏப்ரனைக் கட்டு."

சிஞோரா லாம் ஓடிவந்து அவரை உள்ளே தள்ளினார்.

"என்னவாம்? எங்களைப் பாத்தெல்லோ கத்தினவர்" என்றாள் வதனி.

நாகபூசணி அம்பலவாணரின் வாயையே பார்த்தாள். துசானியின் வாழ்க்கை முழுக்க அந்த வாயில் வந்து நின்றது. அவர் ஒரு கொழுக்கட்டையை எடுத்து, நிதானமாகச் சாறில் தொட்டார்.

"சாப்பாடு எப்பிடி இருக்கெண்டு கேக்கிறார்" என்றார்.

அவருக்கு விளங்கவில்லையா, அல்லது விளங்கித்தான் இப்படிச் சொல்கிறாரா? விளங்கியிருந்தால் ஏன் மறைக்கிறார்? கப்பலுக்குப் போய்ச் சொல்லி, நாளைக்குத் தொலைபேசியில் மரியாதையாக மறுத்துவிடத்தானா? நாகபூசணி அவர் முகத்தைத் துருவினாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

தேநீர் தீர்ந்துபோனது. அம்பலவாணர் கேத்தில் மூடியைத் தூக்கி, அதன் விளிம்பிலேயே சரித்து வைத்தார். சுடுதண்ணீர் விட வேண்டும் என்பதற்கு அந்தக் கடைகளில் அதுதான் அடையாளம். கூப்பிடத் தேவையில்லை. மூடி சரிந்திருந்தால் ஆள் வந்து நிரப்பும்.

ஆள் வரவில்லை. சிஞோரா லாம் பெரிய மேசைகளுக்கு நடுவில் தட்டத்தோடு திணறிக்கொண்டிருந்தார். நாகபூசணியின் கண் அந்த மூடியை விட்டு அகலவில்லை. வேறு நாளென்றால் மேசைப் பெண் வராத குறைக்கு அடுப்படியிலிருந்து ஓடிவந்து இதற்குள் ஊற்றியிருப்பாள். கால் தானாக எழும்பப் பார்த்தது. கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம். பழம் வரும், அவர்கள் எழும்புவார்கள், காரியம் முடிந்துவிடும்.

"இதென்ன கடை" என்றாள் வதனி. கையைத் தூக்கி விரலைச் சொடுக்கினாள். சிஞோரா லாம் திரும்பிப் பார்த்து, முழங்காலை இழுத்துக்கொண்டு வந்தார். வதனி ஆங்கிலத்தில் தொடங்கினாள்: மூடி திறந்து எவ்வளவு நேரம், கண் தெரியாதா, ஏலாத வயதில் எதற்கு இந்த வேலை. அக்கம்பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. சிஞோரா லாம் "சொறி, சொறி" என்று குனிந்தார். குனிந்தபோதும் நாகபூசணியின் பக்கம் அவர் பார்க்கவில்லை. நேற்றுக் கொடுத்த வாக்கை அந்த நிலையிலும் காத்து நின்றார்.

அந்தக் குனிவைத்தான் நாகபூசணியால் தாங்க முடியவில்லை. குடைக்குள் நின்ற மனுசி. தன் மகளின் சிரிப்புக்காக இந்த மனுசி ஏன் ஊரார் முன்னால் தலை குனிய வேண்டும்? வெட்கமும் கோபமும் ஒன்றாகப் பொங்கி வந்தன. கோபம் வதனி மேலில்லை, தன் மேல்தான்.

அவள் எழுந்தாள். சிஞோரா லாமின் தோளைத் தொட்டு, தன் கதிரையில் இருத்தினாள். கேத்திலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். நிரப்பிக்கொண்டு திரும்பி வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, வழக்கம்போல வயதில் மூத்தவரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கிண்ணமாக ஊற்றினாள்.

"உதென்ன தங்கச்சி, உது அவையின்ரை வேலையெல்லோ" என்றாள் வதனி.

"இது என்ரை வேலையும்தான், அக்கா." "பின்னேரத்திலை நான் இஞ்சைதான் கோப்பை கழுவுறன். காலமை அந்த ஒஃபீசைக் கூட்டித் துடைக்கிறன். நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை, அவள் வேண்டாமெண்டுதான் சொன்னவள். இவ எனக்குச் சோறு போட்ட மனுசி. இவவை அப்பிடிப் பேசாதேங்கோ."

துசானி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வதனி குச்சிகளைக் கீழே வைத்தாள். முகம் கல்லாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, கேட்டியளே?" என்றாள் கணவனிடம். "எழும்புங்கோ, கப்பலுக்கு நேரமாச்சு. பிரதீஸ், எழும்பு."

பிரதீஸ் எழும்பவில்லை. அம்பலவாணர் தன் கிண்ணத்தில் ஆவி பறக்கிற தேநீரைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலை மடித்து மேசையில் தட்டினார்.

"நீர் கொஞ்சம் இரும், வதனி" என்றார். "மேசை அப்பிடியே கிடக்கு."

எழுந்து சட்டைக் கையை மடித்தார். முழங்கைக்குக் கீழே ஆவி பட்டு வெளிறிய பழைய தழும்புகள் இருந்தன. கிண்ணத்துக்குள் கிண்ணம், அதன்கீழ் சின்னக் கோப்பை, அதன்கீழ் பெரியது, மேலே குச்சிகளை ஒரு பிடியாக. கண்ணை மூடித் திறப்பதற்குள் அடுக்கிவிட்டார். ஒன்றோடொன்று முட்டிய சத்தம்கூடக் கேட்கவில்லை. கோப்பை கழுவினவனுக்குத்தான் அப்படி அடுக்க வரும். நாகபூசணிக்கு அது ஒரு பார்வையிலேயே தெரிந்தது.

"என்ன செய்யிறியள்? சனம் பாக்குது" என்றாள் வதனி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டும்." அவர் மகனைப் பார்த்தார். "ஸ்பதைனாவிலை ஒரு கன்ரனீஸ் கடை, ரொறன்ரோவிலை. நீ பிறந்த அண்டைக்கு நான் இப்பிடி ஒரு தொட்டிக்கு முன்னாலைதான் நிண்டனான் தம்பி. பிறகு கனகாலம் அவிக்கிற அடுப்படி. கொம்மாவுக்குச் சொல்ல விருப்பமில்லை. நானும் பேசாமல் இருந்திட்டன். ஊர் ஊராத் தேடிப் போய்ச் சாப்பிடுறது வேறை என்னத்துக்கெண்டு நினைச்சனி?"

பிரதீஸ் தகப்பனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்பலவாணர் அடுக்கைத் தூக்கிக்கொண்டு ஆடும் கதவைத் தோளால் தள்ளி உள்ளே போனார். நாகபூசணி என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் போனாள். கிழவர் லாம் வந்தவரைப் பார்த்தார், அவர் கையில் இருந்த அடுக்கைப் பார்த்தார், ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்து ஒரு கேள்வியும் கேட்காமல் நீட்டினார். தொட்டி உண்மையிலேயே நிரம்பித்தான் கிடந்தது.

"அந்த ஆள் கத்தினது உங்களுக்கு விளங்கினதுதானே அண்ணை?" என்று நாகபூசணி மெல்லக் கேட்டாள்.

"விளங்கினது. அதுக்கு முதலே, மீன் முள்ளுத் தூக்கினபோதே விளங்கினது. நீங்களாச் சொல்லுவியளோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். பிறகு சவர்க்காரத் தண்ணீருக்குள் கையை விட்டார். "இருபத்தெட்டு வரியமா நான் சொல்லேல்லை. நீங்கள் ஒரு மாசத்திலை சொல்லிப்போட்டியள்."

அவள் துடைக்கும் துணியை எடுத்தாள். கை வேலையில் இருந்ததே தவிரக் காது கதவில் இருந்தது. வெளியே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. வதனியின் செருப்புக் குதி சிமெந்துத் தரையில் டக் டக்கென்று நடந்தது. போகிறாள், மகனையும் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நாகபூசணி நினைத்தாள். துசானியின் முகம் கண்ணுக்குள் வந்தது. இந்த மனிதர் இங்கே நின்று கோப்பை கழுவி என்ன, அங்கே முடிவு சொல்கிறவள் அவளல்லவா. துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்பலவாணரும் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுச் செவி கொடுத்தார். அவருக்கும் பயமாகத்தான் இருந்தது.

குதிச் சத்தம் வாசல்வரைக்கும் போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பியது.

ஆடும் கதவு திறந்தது. வதனி நின்றாள். கண் மை கலைந்திருந்தது. கையில், அம்பலவாணரால் அடுக்கோடு சேர்த்துத் தூக்க முடியாமல் விட்டுவந்த பெரிய மீன் கோப்பை இருந்தது. பட்டுச் சேலையில் சாறு வழியாமல், பெருவிரலை ஓரத்தில் ஊன்றித் தட்டையாகப் பிடித்திருந்தாள். கோப்பை தூக்கிப் பழகின கையின் பிடி அது; நாகபூசணி பார்த்தாள், அம்பலவாணரும் பார்த்தார்.

"இதை விட்டிட்டு வந்திட்டியள்" என்றாள் வதனி கணவனிடம். பிறகு கோப்பையை நாகபூசணியிடம் நீட்டினாள். "கப்பல் எங்களுக்காக நிக்காது. கெதியாக் கழுவி முடியுங்கோ, சம்பந்தி."

நாகபூசணி ஈரக் கையை ஏப்ரனில்லாத சேலையில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.